மேஜையில் இரண்டு டப்பா

ஆறுச்சாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குரு கோகிலவாணிக்கு முப்பத்தாறு. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், ரைபிள் கிளப்பில் சேர்ந்து, மகள் வயதுக்காரியிடம் தோட்டா போடக் கற்றுக்கொள்கிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைத் தூக்கி எறியாமல், சுத்தம் செய்து, புது வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் அந்த வேலை. கோகிலவாணியிடம் இரண்டு ரைபிள்கள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடுவது. இன்னொன்று, அடுத்த தோட்டாவைத் தானே இழுத்துக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக். போல்ட் ரைபிளுக்கு நிதானமாக எரியும் மருந்து, மற்றதற்கு வேகமாக எரியும் மருந்து. இரண்டும் தனித்தனி டப்பாவில் இருக்கும்; பார்வைக்கு ஒரே சாம்பல் நிறம். வேகமானதைப் போல்ட் ரைபிளுக்குப் போட்டுவிட்டால், அது சுடுபவரின் கன்னத்தருகே வெடிக்கும்.

அதனால் அவள் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிட்டாள். "மேஜை மேல எப்பவும் ஒரு டப்பாதாங்கண்ணா இருக்கணும்."

மாநில அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது. மூன்று வருடமாக அந்த அணியில் இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள் அவள். போல்ட் ரைபிளுக்கான அறுபது தோட்டாக்களையும் ஆறுச்சாமியையே போடச் சொன்னாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

போட்டியன்று காலை கோகிலவாணியோடு ஜீப்பில் போகும்போது அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. முந்தின நாள், அடுத்த வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று இரண்டாவது டப்பாவையும் அவள் வீட்டு மேஜையில் எடுத்து வைத்திருந்தார். ஆரம்பிக்கப் போகும் நேரத்தில் சிலிண்டர்காரர் வாசலில் கூப்பிட்டதும், எழுந்து போனதும் நினைவிருந்தது. திரும்பி வந்து எந்த டப்பாவைத் திறந்தார் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"என்னங்கண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"காலையில சாப்பிடலீங்க மேடம். வேற ஒண்ணுமில்லீங்க."

சரியாகத்தான் போட்டிருப்போம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

களத்தில் பன்னிரண்டு பேர் குப்புறப் படுத்தார்கள். கோகிலவாணி முதல் தோட்டாவை உள்ளே தள்ளி, போல்ட்டை மூடி, ரைபிள் கட்டையில் கன்னத்தை வைத்தாள். பின்னால் நின்ற ஆறுச்சாமி அந்தக் கன்னத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க!"

களத்தில் யார் அப்படிக் கத்தினாலும் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். காரணமெல்லாம் பிறகுதான். பன்னிரண்டு ரைபிள்களிலிருந்தும் தோட்டாவை வெளியே எடுத்தார்கள். போட்டி அதிகாரி வேகமாக வந்தார்.

"யாருய்யா கத்துனது?"

"நாந்தானுங்க. அவங்க தோட்டாவுல எந்த மருந்தைப் போட்டேன்னு எனக்கே சரியாத் தெரியலீங்க."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், இதையெல்லாம் வீட்டிலேயே யோசித்துவிட்டு வரக் கூடாதா என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது.

கோகிலவாணி எழுந்து உட்கார்ந்தாள். அறுபது தோட்டாக்களையும் பெட்டியில் போட்டு மூடினாள். பக்கத்தில் இருந்தவரிடம் கடைத் தோட்டாக்களைக் கேட்டு வாங்கிச் சுட்டாள். அவளுடைய ரைபிளுக்கு அவை ஒத்துவரவில்லை. அணிக்கு ஆறு பேர் வேண்டும். அவள் ஏழாவதாக வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தராசை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு முறை மூடும்போதும் டப்பாவின் எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதி வைப்பது அவள் பழக்கம். வேகமான மருந்து ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. நிதானமானதில் அறுபது தோட்டாவுக்கு வேண்டிய அளவு குறைந்திருந்தது.

அத்தனையும் சரியான தோட்டாக்கள்.

ஆறுச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது, பாவம்.

"ஒண்ணுமில்லாததுக்குக் கத்தி உங்க வருசத்தையே கெடுத்துட்டேனுங்க. வாயை மூடிட்டு நின்னிருந்தா இந்நேரம் நீங்க அணியில இருந்திருப்பீங்க."

"இருந்திருப்பேன்."

"நல்லாத் திட்டியாவது விடுங்க மேடம்."

"ரெண்டு டப்பா வெச்சதுக்குத் திட்டணும். ஜீப்புலயே சொல்லாததுக்கும் திட்டணும். நாளைக்குத் திட்டறேன். இப்ப எனக்கும் அழுகையா வருது."

கோகிலவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் எழுந்து, காலி உறைகள் அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அடுத்த மாசம் கிளப்புப் போட்டி இருக்குது. அதுக்கும் நீங்கதான் போட்டுத் தரணும்."

"நானுங்களா? கை தவறாத ஆளுக கிளப்புல எத்தனையோ பேரு இருக்காங்களே!"

"இருக்காங்க. ஆனா நான் கன்னத்தை வெச்சதுக்கப்புறம் அவங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தா, கத்துவாங்களா பேசாம நிப்பாங்களான்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா."