மூடிய பதக்கத்தின் நிறம்

நெல்லும் பொறாமையும் ஒருசேர நன்றாக விளைந்த ஒரு நாட்டில், முன்னொரு காலத்தில், விடங்கன் என்ற விகடகவி இருந்தான்.

ஒருநாள் வெளிநாட்டு வணிகன் ஒருவன் மன்னருக்கு ஒரு பதக்கம் கொடுத்தான். தகட்டில் பூக்களைச் செதுக்கி, அந்தப் பள்ளங்களில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பி, உலையில் உருக்கிய வேலை. மன்னர் மூன்று நாளாக அதைக் கீழே வைக்கவில்லை. வழக்கு விசாரிக்கும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழக்காட வந்தவர் முகத்தைவிடக் கண்ணாடித் தூளுக்கு யோகம் அதிகம்" என்று விடங்கன் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

பொக்கிஷ அதிகாரி பராங்குசர் உடனே எழுந்தார். விடங்கன்மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல்.

"மன்னர் பெருமானே, வெறும் தூள் என்கிறாரே, அவரே தம் கையால் ஒன்று செய்து காட்டட்டும். இந்தச் சபையில் எவரும் பார்த்திராத நிறத்தில் இருக்கவேண்டும். அதுவரை அவர் இச்சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்று ஆணையிடுங்கள்."

மன்னருக்கு ஆசை மூண்டது. "அப்படியே ஆகட்டும். முப்பது நாள் தவணை. முடியாவிட்டால், விடங்கா, நீ இந்த நாட்டிலேயே இருக்கவேண்டாம்."

விடங்கன் உலகம்மை என்பவளின் பட்டறைக்கு வேலை கற்கப் போனான். அவனைவிட இருபது வயது இளையவள். நகை வேலையில் கெட்டிக்காரி, பொறுமைதான் குறைவு.

முதல் தகட்டில் கண்ணாடி கொப்பளித்தது. "ஈரம் காயுறதுக்குள்ள உலையில வச்சா பொங்காம என்ன செய்யும்?" என்றாள். இரண்டாவது விரிசல் விட்டது. மூன்றாவதை வெறுங்கையால் எடுக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டான். "அங்க குறடு எதுக்குய்யா கெடக்கு?"

சபையையே சிரிக்கவைத்தவன் பட்டறையில் திட்டு வாங்கிக்கொண்டே கண்ணாடிப் பொடி அரைத்தான். இருபதாம் நாள் வெள்ளித் தகட்டில் ஒரு பச்சை இலை பழுதில்லாமல் வந்தபோது, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆனால் யாரும் பார்க்காத நிறத்துக்கு எங்கே போவது?

"எல்லா நெறத்தையும் எவனாவது பாத்துத்தான் இருப்பான்" என்றாள் உலகம்மை. அவன் சோர்ந்துபோய், உலையில் வெந்துகொண்டிருந்த அடுத்த தகட்டைப் பார்க்க மூடியில் கை வைத்தான்.

"தொறக்காதீங்கய்யா! ஆறட்டும். உள்ள என்ன நெறம் வந்திருக்குன்னு இப்ப எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

விடங்கன் கையை எடுத்தான். பிறகு சிரித்தான். அந்தப் பட்டறையில் அவன் சிரித்தது அதுவே முதல் தடவை.

முப்பதாம் நாள் சபையில் ஒரு வெள்ளிப் பதக்கத்தைப் பராங்குசரிடம் நீட்டினான். சிமிழ்போல் இரண்டு மூடிகள், நடுவே கீல். வெளியே ஒரு பொட்டு வண்ணம்கூட இல்லை.

"நிறம் எங்கே?" என்றார் பராங்குசர்.

"உள்ளே இருக்கிறது ஐயா. இந்தச் சபையில் எவரும் அதைப் பார்த்ததில்லை."

"செய்த நீர் பார்த்திருப்பீரே?"

"பார்த்தேன். அப்போது நான் இச்சபையைச் சேர்ந்தவன் அல்லன் என்பது தங்கள் ஏற்பாடுதானே? ஐயமிருந்தால் திறந்து பாருங்கள். ஆனால் திறந்த கணமே அது சபையில் ஒருவர் பார்த்த நிறமாகிவிடும். அரசாணையை மீறியவர் தாங்களாவீர்கள்."

பராங்குசரின் கை மூடிவரை போய் நின்றது. பதக்கத்தைத் தணல்போல மன்னரிடம் கொடுத்துவிட்டார்.

"ஆணை நிறைவேறியது" என்றார் மன்னர். "இப்போது நானே திறக்கிறேன்."

உள்ளே கத்தரிப்பூ நிறமா, மழைமேக நிறமா என்று சொல்லமுடியாத வண்ணத்தில் ஒரு பறவை நின்றது.

"கோழியா?"

"மயில், மன்னா. தோகைக்கு இடம் போதவில்லை."

மன்னர் சிம்மாசனம் அதிரச் சிரித்தார். அந்த மயிலைக் கழுத்தில் அணிந்துகொண்டு, விடங்கனுக்கு நூறு பொன்னும், உலகம்மைக்கு அரண்மனை நகை வேலை முழுவதையும் கொடுத்தார். பிறகு பொக்கிஷ அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"பராங்குசரே, உமக்கும் இந்த வேலையில் ஆர்வம் இருப்பது தெரிகிறது. நாளை முதல் முப்பது நாள் பட்டறைக்குச் செல்லும்."

செய்தி கேட்ட உலகம்மை உலையை ஊதிக்கொண்டே சொன்னாள்: "வரட்டும். பட்டு வேட்டியோட மட்டும் வரவேண்டாம்னு சொல்லுங்க."