பதினேழாவது படிவம்

தமயந்தி மேடத்தின் குரல் மட்டும் எனக்கு வரவில்லை.

கல்லூரியில் சேர்ந்த மூன்று மாதத்தில் மற்ற எல்லாக் குரலையும் பிடித்துவிட்டேன். முதல்வர் பேசுவதற்கு முன் மூன்று தடவை தொண்டையைச் செருமுவது. வாட்ச்மேன் "ஐடி கார்டு எங்க?" என்று மூக்கால் கேட்பது. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர், ஏதோ சொத்தை எழுதிக் கொடுப்பவர்போல ஒவ்வொரு கரண்டிக்கும் பெருமூச்சு விடுவது. ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று முதல்வர் குரலில் விடுமுறை அறிவித்தேன். பாதி வகுப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது.

மேடம் எங்களுக்குக் கள ஆய்வுப் பாடம் எடுத்தார். சமூகவியல், முதலாமாண்டு. அவருக்கு முப்பது வயது இருக்கும். அவர் பேச்சில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, எந்த ஊர் வாடையும் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூடக் கிடைக்காது.

முதல் வகுப்பில் முதல்வர் குரலில் கேட்டேன்.

"ஆராய்ச்சி என்றால் என்ன, மேடம்?"

வகுப்பு சிரித்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"உனக்குத் தெரியாத ஒண்ணை இதுல எழுது, மாதேஷ்."

தெரியாததை எப்படி எழுதுவது? கொஞ்ச நேரம் பேனாவைச் சுழற்றிவிட்டுத் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா ஆரம்பிச்சிருக்க."

கிண்டலா, பாராட்டா? அதையும் அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு ஆய்வு வந்தது. மக்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு தெரு, பதினேழு வீடு, பதினேழு படிவம். பேசியதைச் செல்போனிலும் பதிவு செய்ய வேண்டும்.

எனக்கு வந்தது உப்புக்கிணற்றுத் தெரு. அங்கே பதினாறு வீடுதான். பதினாறுக்குப் பிறகு ஒரு சுவர்.

ஒரு படிவம் மிஞ்சியது. காலியாகக் கொடுத்தால் மதிப்பெண் போய்விடும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிரே அறைத்தோழன் ஹமீது, வாயைப் பொத்திக்கொண்டு. போனில் பதிவை அழுத்தினேன்.

"அம்மா, உங்க பேருங்க?" என் குரல்.

"பாவாயி, கண்ணு." பெண் குரல். அதுவும் நான்தான்.

கதவு எண் பதினேழு. வயது ஐம்பது. தொழில், பூக்கட்டுதல். பிள்ளைகள், பெண் ஒன்று. காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பார். மத்தியானம்வரை பூக்கட்டுவார். மேல்குரலில் பேசிப் பேசித் தொண்டை அரித்தது. இருமினேன். அந்த இருமல் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் இன்னும் நாலு தடவை இருமினேன். ஹமீது தலையணையைக் கடித்தான்.

மகளின் பெயர் என்ற கட்டத்துக்கு என்ன போடலாம் என்று யோசித்தபோது மெஸ் மணி அடித்தது.

"முட்டை தீந்துரும்டா!" என்றான் ஹமீது.

ஓடிவிட்டோம். இரண்டு கட்டங்கள் காலியாக நின்றன. மகளின் பெயர் ஒன்று. மாலை நான்கு மணிக்கு மேல் என்ன செய்வீர்கள் என்பது இன்னொன்று. மறந்து அப்படியே கொடுத்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். மேசைமேல் என் படிவங்கள் இருந்தன.

"பதினேழு பதிவும் கேட்டேன். பதினாறு பேரும் நீ கேட்டதை விட்டுட்டு வேற எதையோ பேசியிருக்காங்க. ஒருத்தர் உன்னைத் திட்டியிருக்கார். ஒரு அம்மா அடுப்புல பால் பொங்குதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"ஆமாங்க மேடம். ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன்."

"பாவாயி மட்டும் கேட்ட கேள்விக்குக் கேட்ட பதிலைச் சொல்லியிருக்காங்க."

நான் சட்டைப் பொத்தானைத் திருகினேன்.

"பதினாறு பதிவுலயும் தெருச் சத்தம் இருக்கு. இதுல மின்விசிறி சுத்துது. ரெண்டு கட்டம் காலியாவும் இருக்கு. போய்க் கேட்டுட்டு வா."

"அவங்க ஊருக்குப் போயிருந்தா, மேடம்?"

"இருப்பாங்க."

அந்த 'இருப்பாங்க' முதுகில் என்னவோ செய்தது. ஆனாலும் வெளியே வந்ததும் சிரித்துவிட்டேன். தெருச் சத்தம்தானே வேண்டும்? சுவர் ஓரமாக நின்று பாவாயியாக இரண்டு பதில் சொன்னால் முடிந்தது. மகளுக்கு ஒரு பெயரா கிடைக்காது?

மூன்றரை மணி வெயிலில் தெரு வெறிச்சென்று இருந்தது. சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எங்கோ ஒரு நாய் குரைத்தது. அருமையான நாய். பதிவை அழுத்தினேன்.

"அம்மா, உங்க பொண்ணு பேரு என்னங்க?"

பாவாயியின் குரலுக்காக வாயைத் திறந்தேன்.

இருமல் கேட்டது. நான் இருமவில்லை.

பதினாறாவது வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தார்.

"நீயா? அன்னைக்கே என்னைப் போட்டுக் குடைஞ்சியே, மறுபடியும் வந்துட்டியா? போ, போ, பாவாயியைப் போய்ப் பாரு. உன்னையத்தான் கேட்டுட்டே இருக்கா."

"எந்தப் பாவாயிங்க அக்கா?"

"பதினேழாம் நம்பரு. பாதியில கேக்காம எந்திரிச்சு ஓடிட்டியாமே? பொலம்பித் தீக்குறா."

"அவங்க... எப்ப வந்தாங்க?"

"போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். எங்கிருந்து வந்தேன்னு கேட்டா முழிக்கிறா." அக்கா தோலை ஊதித் தள்ளினார். "நல்லவதான். இருமல்தான் காது கொடுத்துக் கேக்க முடியல."

சுவருக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது. போன தடவை அதை நான் பார்த்த ஞாபகம் இல்லை. உள்ளே ஒரு கதவு. கதவில் சாக்பீஸால் 17 என்று எழுதியிருந்தது. ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு.

ஏழுக்கு நடுவில் கோடு போடுவது என் பழக்கம்.

"வா கண்ணு," என்றது என் குரல். கட்டிலில் உட்கார்ந்து நான் பேசிய அதே பெண் குரல்.

உள்ளே ஒரு பாய் கிடந்தது. மடியில் பூவோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை எடுத்தால் உடனே மறந்துபோகிற மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

"அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறேன். மத்தியானம்வரைக்கும் பூக்கட்டுறேன்." இருமினார். நான் இருமிய அதே இடத்தில், அதே ஐந்து தடவை. "இந்தச் சனியன் புடிச்ச இருமல் எங்க வந்து ஒட்டுச்சுன்னே தெரியல கண்ணு. மருந்து குடிச்சும் போகல."

"மன்னிச்சிருங்கம்மா," என்றேன்.

"நீ என்ன பண்ணுவ பாவம். உக்காரு."

பாய்க்குப் பக்கத்தில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. இன்னொன்றில் சோறு போட்டு மூடியிருந்தது.

"பொண்ணுக்கு," என்றார். "தினமும் வைக்கிறேன். எனக்கு ஒரு பொண்ணு இருக்கு. அது நல்லாத் தெரியுது. பேருதான் வாயில வர மாட்டேங்குது. பேரு தெரிஞ்சா வாசல்ல நின்னு கூப்பிடுவேன். கூப்பிட்டா வந்துரும்."

கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"அதைக் கேக்கத்தானே வந்த? நீயே சொல்லு கண்ணு. எம்பொண்ணு பேரு என்ன?"

என்னிடம் பெயர்களுக்கா பஞ்சம்? வகுப்பிலேயே இருபது பெண்கள். நாக்கு நுனியில் நாலைந்து பெயர்கள் வந்து முட்டின. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எதைச் சொன்னாலும் அதான்," என்றார்.

என் வாய் மூடிக்கொண்டது. அவர் கண்ணில் இருந்தது நம்பிக்கை. இதுவரை என் குரல்களைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், அடித்திருக்கிறார்கள். ஏமாந்தும் போயிருக்கிறார்கள். யாரும் இப்படி நம்பியதில்லை.

"மேடத்திடம் கேட்டுவிட்டு வருகிறேன்," என்றேன். அது முதல்வரின் குரலாக வெளியே வந்தது.

"நாலு மணிக்குள்ள வந்துரு. அதுக்கு மேல நான் என்ன பண்றதுன்னு எனக்கே..."

இருமல் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. அங்கேயே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருந்தது. பூத்தொடுத்த விரல்கள் முடிச்சின் நடுவில் நின்றன. கூப்பிட்டேன். கண் இமைக்கவில்லை.

போனைப் பார்த்தேன். மணி நான்கு.

சந்துக்கு வெளியே வரும்வரை நடந்தேன். பிறகு நடக்கவில்லை.

மேடம் துறை அறையில் தனியாக இருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில், ஹமீது, முட்டை, எதையும் மறைக்கவில்லை. அவர் எதற்கும் ஆச்சரியப்படவில்லை.

"என்ன பேரு சொன்ன?"

"சொல்லலைங்க மேடம்."

"ஏன்?"

"எனக்குத் தெரியாதே, மேடம்."

முதல் தடவையாக அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"தினமும் ஒரு தட்டுச் சோறு வச்சுட்டு உக்காந்திருக்காங்க மேடம். ஏதாவது ஒரு பேரை எழுதிடவா? பாவமா இருக்கு."

மேடம் என் படிவங்களை அடுக்கிக் கட்டினார். முடிச்சுப் போட நேரம் எடுத்துக்கொண்டார்.

"இதே துறையில உன்னை மாதிரி ஒருத்தன் படிச்சான். பன்னெண்டு வருஷம் இருக்கும். அவனுக்கும் ஒரு ஃபார்ம் மிஞ்சிப் போச்சு. ஒரு பொண்ணை எழுதினான். பேரு எழுதினான். வயசு பதினெட்டு. அப்பா இல்லைன்னு எழுதினான். படிப்புல ஆர்வம் அதிகம்னு எழுதினான். அம்மா பேரு கேட்ட கட்டத்துக்கு வந்தப்ப மணி அடிச்சிருச்சு."

"அப்புறம்?"

"அது காலியாவே இருந்துச்சு."

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு, மேடம்?"

"படிப்புல ஆர்வம்னு எழுதிட்டான் இல்லையா?" என்றார் அவர். "அதான் இன்னும் படிச்சிட்டே இருக்கேன்."

வெளியே வராந்தாவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் சுற்றுகிற சத்தம் கடைசிவரை கேட்டது. ஏற்றமும் இறக்கமும் ஊரும் இல்லாத அந்தக் குரலை ஏன் என்னால் பிடிக்க முடியவில்லை என்று தெரிந்தது. அது ஏற்கெனவே யாரோ ஒருவன் கட்டிலில் உட்கார்ந்து பேசிய குரல்.

பாவாயியின் படிவத்தை உருவி எடுத்தேன். பெண் ஒன்று. பெயர், காலி. வயதுக்குக் கட்டமே இல்லை. பாவாயிக்கு ஐம்பது. எதிரே இருப்பவருக்கு முப்பது.

என் பேனா தானாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. தமயந்தி என்று எழுதக் காலிக் கட்டத்தில் முனையை வைத்தேன்.

மேடம் தன் கையைத் தாளின்மேல் வைத்தார். என் விரல்மேலும் பட்டது. அதற்கு ஒரு தாளின் கனம்தான் இருந்தது.

"பொருந்துதே, மேடம்."

"பொருந்துது."

அந்த ஒரு சொல்லில் அவர் குரல் நடுங்கியது. அதைப் பிடித்திருக்கலாம். நான் பிடிக்கவில்லை.

"பன்னெண்டு வருஷமா எத்தனை ஃபார்ம்ல எத்தனை அம்மா பேரு எனக்குப் பொருந்தியிருக்கு தெரியுமா?" என்றார். மேசைக்கு அடியில் காலால் செருப்பைத் தேடினார். "ஒருத்தரையாவது நேர்ல போய்க் கேட்டிருக்கணும். எனக்குப் பயம். இல்லைன்னு சொல்லிட்டா?"

"நாலு மணிக்கு மேல அவங்க பேச மாட்டாங்க, மேடம். அஞ்சு மணிக்குத்தான் எந்திரிப்பாங்க. விடியக்காலை அஞ்சு."

"சரி, அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கலாம்." அவர் எழுந்தார். "வா மாதேஷ். பேனாவை இங்கயே வச்சிட்டு வா."