கருவாயனின் இன்னொரு காது

அந்தக் காலத்தில் கணினியும் பேசும், அதற்குள் குடியிருந்தவையும் பேசும். நம்பாவிட்டால் போங்கள், நான் சொல்லத்தான் போகிறேன்.

ஒரு கணினிக்குள் நூறு அறைகள் இருந்தன. நினைவகம் என்று அதற்குப் பெயர். காவலுக்கு ஒரு பல்லி. வேலை செய்ய வருகிறவர்கள் அறையை எடுத்துக்கொண்டு கதவில் ஒரு நூலைக் கட்டுவார்கள். போகும்போது கட்டியவரே அவிழ்க்க வேண்டும். அடுத்தவர் முடிச்சைப் பல்லிகூடத் தொடக் கூடாது. உள்ளே யாருடைய பொருள் இருக்கிறதோ, யார் கண்டது?

அங்கே ஒரு தவளை விளையாட்டு வந்து சேர்ந்தது. சரியான ஊதாரி. தவளை ஒரு தாவு தாவினால் ஓர் அறை, அதில் ஒரே ஒரு கால்தடம். அடுத்த தாவலுக்கு அடுத்த அறை. பழைய முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போ என்று பல்லி கெஞ்சியது. அப்புறம் பார்க்கலாம் என்றது தவளை. ஆட்டம் முடிந்து கிளம்பியபோதும் ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை. சாப்பிட்ட தட்டைப் போட்டது போட்டபடி ஓடுவீர்களே, அதே புத்திதான்.

அப்புறம் நறுமுகை என்ற சிறுமி அந்தக் கணினியில் படம் வரைய உட்கார்ந்தாள். அவளுடைய நாய் கருவாயன் போன வாரம்தான் செத்துப்போயிருந்தது. ஒரு போட்டோகூட இல்லை. முகம் மறப்பதற்குள் வரைந்துவிட வேண்டும் என்று தவித்தாள், பாவம். மூக்கு வந்தது, கண் வந்தது, ஒரு காதும் வந்தது. இன்னொரு காதுக்கு ஓர் அறை வேண்டும். கிடைக்கவில்லை.

திரை அப்படியே நின்றுவிட்டது. பல்லி கதவு கதவாக ஓடித் தட்டியது. எல்லாக் கதவிலும் நூல். பெரும்பாலான அறைகளில் ஆளே இல்லை.

"ஒரே ஒரு அறை கொடு" என்று அழுதாள் நறுமுகை.

"காலி அறை நிறைய இருக்கிறது, கண்ணு. கொடுக்கத்தான் முடியவில்லை" என்றது பல்லி. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லா முடிச்சும் தானாக அவிழும், ஆனால் படம் இருக்கும் அறையும் காலியாகிவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னது.

நாள் முழுக்க அவள் காத்திருந்தாள். எதுவும் அசையவில்லை. கடைசியில் அவளே சுவிட்சை அணைத்தாள்.

மறுபடி போட்டபோது நூறு அறையும் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தன. அவள் திரும்பவும் வரைந்தாள். ஏதோ ஒரு நாய் வந்தது, கருவாயன் வரவில்லை.

அன்று முதல்தான், திணறி நின்ற கணினியை அணைத்துவிட்டு மறுபடி போடும் வழக்கம் வந்தது. அணைத்தால் குப்பையும் போகும், நாம் உயிராக நினைத்ததும் போகும். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.