நிலாவில் மூடாமல் விட்ட குழிகள்

அந்தக் காலத்தில் தேரையும் பேசும், நிலாவும் பேசும். இப்போது இரண்டும் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் சடையாண்டி என்கிற கிணறு வெட்டிதான். அவனைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் இடத்தில் நீங்களோ நானோ இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். வருத்தமே அதுதான்.

அன்றைய நிலா இன்றைக்குப்போல எட்டாத உயரத்தில் இல்லை. தினமும் விடியும் நேரத்தில் கூனிமலை உச்சியை உரசிக்கொண்டு, பார வண்டி மேடு ஏறுவதுபோல மெதுவாகக் கடந்து போவாள். ஒரு தாவு தாவினால் அவள்மேல் கால் வைத்துவிடலாம். உடம்பில் ஒரு பொட்டுக் கறுப்புக் கிடையாது. ஊறவைத்துத் தோல் கழுவிய உளுந்து மாதிரி வெள்ளை வெளேரென்று இருப்பாள். சுற்றிச் சுற்றி முகத்தையும் காட்டுவாள், முதுகையும் காட்டுவாள். வயிற்றுக்குள் அணையாத நெருப்பு ஒன்று இருந்ததால் அவள் உடம்பு எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். மலையில் ஆடு மேய்ப்பவர்கள் குளிருக்கு அவள்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். எல்லாருக்கும் அவள் அக்காதான்.

மலையடிவாரத்து ஊரில் இருந்தான் சடையாண்டி. அவன் கை ராசியான கை என்று ஏழு ஊரிலும் பேர். கடப்பாறையை ஊன்றி அதன் சத்தத்தைக் கேட்பான். பெயர்ந்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பான். அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் இடுப்புத் துணியில் முடிந்து வைத்திருக்கும் தேரையைக் கேட்பான். முதன்முதலில் அவன் வெட்டிய கிணற்றில் பாறைக்குள்ளிருந்து வந்த தேரை அது. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் அதன் தோல் சில்லிட்டுப்போகும். "இங்கதான் அண்ணே, போடு" என்று சொல்லும்.

தொழிலில் அவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீர் வராத குழியை மூடிவிட்டுத்தான் அடுத்த குழிக்குக் கடப்பாறையைத் தூக்குவான். மூடாமல் விட்டால் ஆடு விழும், பிள்ளை விழும். அவன் அப்பனும் அப்படித்தான், பாட்டனும் அப்படித்தான்.

மூன்று வருஷம் மழை பொய்த்தது. ஊரைச் சுற்றி ஒன்பது இடத்தில் வெட்டினான், ஒன்பதையும் மூடினான். ராசியான கை என்று சொன்ன வாய்களெல்லாம் சும்மா இருந்தன. அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். வீட்டில் ஐந்து வயது மகள் குருவம்மா உதடு வெடித்துப் படுத்துக் கிடந்தாள். மூன்று நாளாக அவள் அழவில்லை. அழுவதற்கும் உடம்பில் ஈரம் வேண்டுமே.

இனி நிலாவில்தான் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று, சடையாண்டி பிள்ளையைத் தங்கை வீட்டில் விட்டான். கடப்பாறை, மண்வெட்டி, மண் சுமக்கக் கூடை, மனைவி இருளாயி, இடுப்பில் தேரை. விடிவதற்குள் மலை உச்சிக்குப் போய்விட்டார்கள். இருளாயி கையில் ஒரு கஞ்சிக் கலயமும் இருந்தது, கஞ்சி இல்லாமல்.

நிலா வந்தாள். இருவரும் தாவி ஏறினார்கள்.

"அக்கா, உங்கிட்ட தண்ணி இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு சடையா. என் தெக்கு மூலையில ஒரு பள்ளம் இருக்கு. நான் பொறந்ததுலயிருந்து வெயிலே படாத எடம். அதுல கெடக்கு. உன் ஊருக்கு ஏழு தலைமுறைக்குக் காணும். நாள் தவறாம இந்த மலைக்கு வர்றேன்ல, வந்து வந்து எடுத்துக்கோ."

"தோண்ட வேணாமா?"

"தோண்டித்தான் ஆகணும்னா தோண்டு, உன் தொழிலு. ஆனா தோண்டுன குழிய மூடிட்டுப் போயிரு. உள்ள இருக்குற சூடு வெளிய போயிரக் கூடாது. அதுதான்யா என் உசுரு."

"எனக்கேவா சொல்றே?" என்று சிரித்தான் சடையாண்டி. "மூடாத குழி எங்க வம்சத்துலயே கெடையாது அக்கா. நான் மூடுறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டாள். அவளுக்குத் தெரிந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தில் கிடந்தது ஒன்றுதான். தண்ணீர் ஓடும், சிந்தும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. கீழே கடல் அசைவதைப் பார்த்து, அது ஏதோ பெரிய பிராணி என்று நினைத்திருந்தாள், பாவம்.

தெற்குப் பள்ளத்தில் இறங்கினார்கள். கும்மிருட்டு. தடவிப் பார்த்த இடமெல்லாம் கல். சடையாண்டி கடப்பாறையை ஓங்கிப் போட்டான். டங்கென்று சத்தம் வந்தது. ஈரப்பாறையின் சத்தம் அவனுக்குத் தெரியும். அது இதுவல்ல. ஒரு சில்லைப் பெயர்த்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். வெள்ளையாக இருந்தது. வழக்கப்படி நாக்கில் வைத்தான்.

நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுப்பதற்குள் தோல் உரிந்து, வாயெல்லாம் தீப்பட்டதுபோல எரிந்தது.

நம் ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்தவன் உறைந்த தண்ணீரை எங்கே கண்டான்? வெள்ளையான கல், தொட்டால் எரிகிற கல் என்று அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். காளவாசலில் சுட்டு எடுக்கிற சுண்ணாம்புக் கல். அது இருக்கிற இடத்தில் சொட்டுத் தண்ணீர் தங்காது என்பது கிணறு வெட்டுகிற எவனுக்கும் தெரியும்.

"சுண்ணாம்பு!" என்று துப்பினான். "தன் வயித்துல என்ன இருக்குன்னே இந்த அக்காவுக்குத் தெரியல."

"அண்ணே, இது தண்ணிதான்" என்றது தேரை. அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. "என் தோலு பொய் சொல்லாது. இப்படி ஒரு குளிர்ச்சிய நான் பாத்ததே இல்ல."

"கல்லு தண்ணின்னா நான் ராசா. பேசாம இரு."

தேரை அதற்குமேல் அவன் இடுப்பில் இருக்கவில்லை. இருளாயி அந்த வெள்ளைக் கல்லைப் பொறுக்கிக் கலயம் நிறையப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து உட்கார்ந்தால் பிள்ளை சொட்டாங்கல் ஆடுமே என்று ஓர் ஆசை. தேரை அந்தக் கலயத்துக்குள் குதித்துக் கல்மேல் ஒட்டிப் படுத்துக்கொண்டது. இருளாயி முந்தானையைக் கிழித்துக் கலயத்தின் வாயைக் கட்டினாள். பள்ளத்து விளிம்பில், நிழலிலேயே வைத்தாள்.

பிறகுதான் வெட்டு ஆரம்பித்தது. முதல் குழியை ஏழாள் ஆழம் வெட்டி, ஒன்றுமில்லை என்று மூடினான். இரண்டாவதையும் மூடினான். அதற்குள் ஒரு பகல் போய்விட்டது. வெட்டுகிற நேரத்தைவிட மூடுகிற நேரம் அவனுக்குக் கனத்தது. மண்வெட்டியால் ஒவ்வொரு முறை மண் தள்ளும்போதும் குருவம்மாவின் வெடித்த உதடு கண்ணுக்கு முன் வந்து நின்றது. மூன்றாவது குழியைப் பாதியில் விட்டான்.

"மூடலியா?" என்றாள் இருளாயி.

"போறப்ப மொத்தமா மூடிக்கலாம். பிள்ளை கெடக்குற கெடைக்கு இப்ப மூடிக்கிட்டு நிக்கவா சொல்றே?"

இருளாயி கூடையைத் தூக்கிக்கொண்டாள். அவளுக்கும் அதே பிள்ளைதான்.

அதற்கப்புறம் கணக்கு வழக்கில்லை. பெரிய குழி, சிறிய குழி, குழிக்குள் குழி. வாரிப்போட்ட மண் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது. வெறி பிடித்தவன் மாதிரி வெட்டினான். நிலா பொறுத்துக்கொண்டாள். "சடையா, வலிக்குதுடா" என்று ஓரிரு முறை சொன்னாள். "இந்தா ஆச்சு அக்கா" என்பான். நிழல் நகர்ந்து வந்தபோதெல்லாம் இருளாயி கலயத்தையும் நகர்த்தி வைத்தாள். தேரைக்கு வெயில் ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் விடியலில், நிலா மலையை நெருங்குகிற நேரத்தில், அவள் முகத்தின் நட்டநடுவில் ஒரு குழியின் அடியில் அவன் காலுக்குச் சூடு தட்டியது. மண் இளகியது. கடப்பாறை உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை வருஷத் தொழிலில் அப்படி இளகிய மண்ணுக்குக் கீழே ஊற்றுக்கண் இல்லாமல் அவன் பார்த்ததில்லை. கடப்பாறையை வெளியே உருவினான்.

"சடையா, போதும். அதுக்குக் கீழ போகாதடா."

"ஒரே ஒரு குத்து அக்கா. வந்துருச்சு. தண்ணி வந்துருச்சு!"

ஓங்கிக் குத்தினான்.

வந்தது தண்ணீர் அல்ல. அவளுடைய வயிற்று நெருப்பு கொதித்துக்கொண்டு மேலே வந்தது. கையில் மண்வெட்டியோடு அவன் குழியைவிட்டு ஏறி ஓடவும், அது பின்னாலேயே வழிந்து மேட்டையும் பள்ளத்தையும் நிரப்பியது. வெளியே வந்ததும் கறுத்தது, கறுத்ததும் இறுகியது. உளுந்துபோல இருந்த முகத்தில் பெரிய பெரிய கறுப்புத் திட்டுகள் விழுந்தன. நிலா ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. அவள் உடம்பிலிருந்த சூடு அவன் உள்ளங்காலுக்குக் கீழேயே ஆறிக்கொண்டிருந்தது.

வலியில் அவள் மலையைவிட்டு விலகினாள். ஓர் அடி, இரண்டு அடி. இருளாயி கலயத்தோடு உச்சிக்குத் தாவிவிட்டாள். "வாய்யா! ஏ மனுசா, வந்துரு! பிள்ளைய நெனச்சுக்கோ!" என்று கத்தினாள்.

"குழிய மூடிட்டுப் போ, சடையா" என்றாள் நிலா. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினாள். "குளுருது."

கையில் மண்வெட்டி இருந்தது. பக்கத்தில் மண்ணும் இருந்தது. ஒரு குழியையாவது அவன் மூடியிருக்கலாம். "வந்து மூடுறேன் அக்கா! நாளைக்கு வந்து மூடுறேன்!" என்று சொல்லிவிட்டுத் தாவினான்.

இருவரும் ஓட்டமாக மலையிறங்கினார்கள். தங்கை வீட்டு வாசலில் கலயத்தை இறக்கியதும் உள்ளே ஏதோ சளக்கென்றது. இருளாயி துணியை அவிழ்த்தாள்.

கல்லைக் காணோம். கலயத்தின் கழுத்துவரை தண்ணீர். அதில் தேரை நீந்திக்கொண்டிருந்தது.

தேரையை எடுத்துவிட்டு, குருவம்மாவுக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். பிறகு இன்னொரு வாய். பிள்ளை கண்ணைத் திறந்தாள். மிச்சத்தைத் தெருவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு மிடறு கொடுத்தாள் இருளாயி. கடைசியில் கலயத்தின் அடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டைச் சடையாண்டி விரலால் தொட்டு, தோல் உரிந்த அந்த நாக்கில் வைத்தான். அப்புறம் கலயத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பிழைத்த வீட்டில் யாரும் அப்படி அழமாட்டார்கள், அப்படி அழுதான்.

"நீ சொன்னியே" என்றான் தேரையிடம்.

தேரை பதில் சொல்லவில்லை. சொன்னபோது கேட்காத காதுக்கு இனி என்ன சொல்வது? தத்தித் தத்திப் போய் ஒரு பாறை வெடிப்புக்குள் நுழைந்துகொண்டது. இன்றைக்கும் தேரை கல்லுக்குள்தான் இருக்கிறது.

மறுநாள் விடியலில் சடையாண்டி மண்வெட்டியோடு உச்சிக்கு ஓடினான். நிலா பனைமர உயரத்தில் போனாள். அடுத்த நாள் பத்துப் பனை உயரம். "அக்கா, எறங்கி வா, மூடுறேன்!" என்று கத்தினான். அவள் வாய் அசைவதுபோல இருந்தது. குரல் வந்து சேரவில்லை. ஐப்பசியில் மழை பெய்தது. ஊர் பிழைத்தது. கிணறுகள் நிரம்பின. அவனுடைய கை ராசியான கை என்று மறுபடியும் சொன்னார்கள். அவன் மட்டும் சாகிறவரைக்கும் தினமும் அந்த மலைக்கு ஏறினான். கையில் மண்வெட்டி இல்லாமல் ஒருநாளும் ஏறியதில்லை.

அவன் வெட்டிய குழிகள் அப்படியே கிடக்கின்றன. சிதறிய மண்ணும் கிடக்கிறது. அங்கே காற்றில்லை, கலைக்க ஆளில்லை. தெற்குப் பள்ளத்துத் தண்ணீரும் இருட்டில் கல்லாகக் கிடக்கிறது. இப்போது யார் யாரோ விண்கலம் ஏறிப் போய் அந்தத் தண்ணீரைத் தேடுகிறார்களாம். தேடட்டும், நல்லதுதான். போகிறவர்கள் தோண்டுகிற கருவியோடு மூடுகிற கருவி ஒன்றையும் கொண்டுபோனால் தேவலை.

அன்று முதல்தான் நிலா நமக்கு முதுகைக் காட்டுவதில்லை. வந்து மூடுகிறேன் என்று சொல்லிப் போனவன் எந்த வழியாக வருவானோ என்று, அந்தக் குழி விழுந்த முகத்தை நம் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.