தோளுக்கு மேலே வீசிய எலுமிச்சம்பழம்

"அந்த பஸ்ஸில நான் உட்காரலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு தாயி."

கேட்டவர் சுயம்புலிங்கம். வயது ஐம்பத்து நாலு. மஞ்சனூத்து மலையில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவர்.

சண்முகக்கனி திரும்பவில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கொண்டையில் ஒரு பென்சில் சொருகியிருந்தது. தோளில் குழந்தை. குழந்தை மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கனிக்கு முப்பது வயசு இருக்கும். மலை உச்சியில் பஸ்ஸுக்கு கரண்ட் ஏற்றுகிற கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள்.

பார்த்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? பஸ் வந்து நிற்கும். வயர் தானாக எழுந்து போய் மாட்டிக்கொள்ளும். நிறைந்ததும் தானாகக் கழன்று சுருண்டு படுத்துக்கொள்ளும்.

அவளுக்கு வேலை இல்லை. ஆனால் அவளைத் தேடி ஆள் வராத நாளும் இல்லை. மனசு குழம்பினவர்கள் வருவார்கள். ஒரு கேள்வி கேட்பார்கள். தெளிந்து போவார்கள். எப்படித் தெளிந்தது என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

"நான் கேக்கது காதுல விழுதா?"

"விழுது அண்ணாச்சி. எந்த பஸ்?"

"தெரியாத மாதிரி கேக்க. இப்ப நான் ஏறி வந்த பஸ்தான். டிரைவர் இல்லாத பஸ்."

"நல்லா ஓடுதா?"

அவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓடுது. பொய் சொல்ல மாட்டேன். மடியில தண்ணிச் செம்பு வச்சிருந்தா பதினெட்டு வளைவுலயும் ஒரு சொட்டு சிந்தாது."

"அப்புறம் என்ன?"

"முன்சீட்டுல ஒரு ஆள் இருக்கணுமாம். ஆபீஸ்ல என்னைய உட்காரச் சொல்லுதாங்க. ஓட்ட வேண்டாமாம். எதையும் தொடக்கூடாதாம். சும்மா இருக்கணுமாம். இஷ்டமா இல்லையான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும். இஷ்டமில்லைன்னா அந்தச் சீட்டைக் கழட்டிருவாங்க. அதோட என் கதை முடிஞ்சுது."

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஆட்டினார். குழந்தை அதைப் பிடிக்கக் கை நீட்டியது.

"ஜவுளிக்கடை வாசல்ல சேலை கட்டி நிக்க வைக்கிற பொம்மைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், சொல்லு?"

"வீட்ல என்ன சொல்லுதாங்க?"

"அவ என்ன சொல்லுவா? இருபத்தாறு வருஷமும் உட்கார்ந்துதானே வந்தீங்க, இப்ப மட்டும் வலிக்கோன்னு கேக்கா."

கனியின் தோள் குலுங்கியது. சிரித்தாள் போல. முகம் தெரியவில்லை.

"நானும் வந்ததுல இருந்து பார்க்கேன். இப்படி முதுகைக் காட்டிக்கிட்டா பேசுவாங்க? வந்தவனை ஏறிட்டுப் பார்த்தா குறைஞ்சா போவ?"

"கோவம் வருதா அண்ணாச்சி?"

"வராம?"

"நாளைக்கு அதே பஸ்ஸில, அந்த முன்சீட்டுல வாங்க. வண்டியில யார் யார் வந்தாங்கன்னு வந்து சொல்லுங்க. அப்புறம் பதில் சொல்லுதேன்."

மறுநாள் வந்தார்.

ஏறும்போதே முன்சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங் இல்லை. பிரேக் இல்லை. எதிரே பெரிய கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் ரோடு. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை மிதித்தது. பதினெட்டு வளைவும் மிதித்து, உச்சியில் இறங்கும்போது முழங்கால் வலித்தது.

கனி அதே ஸ்டூலில். அதே முதுகு.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஏழாம் வளைவுல சரளைக்கல் சரிஞ்சு கிடந்துச்சு. நான் பார்க்கும் முன்னால வண்டி பார்த்து ஒதுங்கிட்டு. பதினொண்ணுல மேகம். கையை நீட்டினா கை தெரியல. அது பாட்டுக்குப் போகுது. பதினாலுல யானை, குட்டியோட மூணு. நானா இருந்தா ஹாரன் அடிச்சிருப்பேன். அது விளக்கை அணைச்சிட்டு சத்தமே இல்லாம நின்னுச்சு. யானை போனப்புறம் கிளம்புச்சு."

"உங்களைவிட நல்லா ஓட்டுதோ?"

"ஆமா."

அதைச் சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நான் ரோட்டைக் கேக்கலையே. ஆளைக் கேட்டேன்."

"ஆளா? வண்டி நிறைஞ்சுதான் வந்துச்சு."

"யாரு?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"நாளைக்கு வாங்க."

மூன்றாம் நாள் ஆளைப் பார்க்கத்தான் வேண்டும் என்று முடிவு பண்ணி ஏறினார். பஸ் கிளம்பியதும் கண்ணைத் தூக்கி மேலே பார்த்தார். பழைய பஸ்ஸில் அந்த இடத்தில் ஒரு கண்ணாடி இருக்கும். பின்னால் இருக்கிறவர்கள் அதில் தெரிவார்கள். பாதி நெற்றியும், மேல்கம்பியைப் பிடித்த கைகளும்.

இந்த பஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. இதற்குச் சுற்றிலும் கண்.

உச்சிக்குப் போய்ச் சொன்னார். "கருவாட்டு வாடை வந்துச்சு. யாரோ இருமினாங்க. ரெண்டு பொம்பளைங்க பன்னிரண்டாம் வளைவு வரைக்கும் ஒரு மருமகளைத் திட்டிக்கிட்டே வந்தாங்க."

"முகம்?"

"கண்ணாடி இல்லையே தாயி. நான் என்ன செய்ய?"

கனி குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள்.

"எனக்கு ஒண்ணு புரியல தாயி. மருந்து வேணும்னா பறக்குற பெட்டி வாசல்ல கொண்டாந்து போட்டுருது. டாக்டர் நம்ம வீட்டுச் சுவர்ல படமா வந்து நாக்கை நீட்டுங்கார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கட்டில்ல இருந்தே வேலை பார்க்கார். மலையில ஒருத்தரும் வீட்டை விட்டு இறங்கவே வேண்டாம். அப்படியும் வண்டி ஏன் நிறைஞ்சு வருது?"

"அதை நீங்கதான் வந்து சொல்லணும்."

குழந்தை சப்பிக்கொண்டிருந்த கிலுகிலுப்பை கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, அதன் கையில் கொடுத்தார். அது அவர் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றார்.

"தெரியும் அண்ணாச்சி. வாங்க."

வெள்ளிக்கிழமை. காகிதம் சட்டைப் பையில். அதே பையில் ஓர் எலுமிச்சம்பழம்.

அந்த மலையில் ஓட்டுகிற எல்லா டிரைவரும் சாமி படத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். புதிதாக ஏறுகிறவர்களுக்கு ஒன்பதாம் வளைவில் குமட்டும். பின்னால் சத்தம் கேட்டதும் டிரைவர் பழத்தை எடுத்துத் தோளுக்கு மேலே பின்னால் வீசுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். ரோட்டை விட்டுக் கண் எடுக்க முடியாதே. யாராவது பிடிப்பார்கள். யாருக்கு வேண்டுமோ அவர்கள் கைக்கு அது போய்ச் சேரும். சுயம்புலிங்கம் வீசிய பழங்களை எண்ணினால் ஒரு லாரி வரும்.

ஓட்டுகிற வேலை போனபிறகும் பழம் பையில் இருந்தது. பழக்கம்.

ஒன்பதாம் வளைவு. பின்னால் ஒரு குழந்தை குமட்டியது.

அவர் கை பையில் போனது. பழத்தை எடுத்துத் தோளுக்கு மேலே வீசினார். கண் ரோட்டில்.

யாரும் பிடிக்கவில்லை.

பழம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பஸ் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பழம் உருண்டு, உருண்டு, கடைசிவரைக்கும் போய் எதிலோ முட்டி நின்றது.

குழந்தை இன்னொரு தடவை குமட்டியது.

சுயம்புலிங்கம் ரோட்டைப் பார்த்தார். பத்தாம் வளைவு வந்துகொண்டிருந்தது. பஸ்ஸும் அதைப் பார்த்துவிட்டது. வேகத்தைக் குறைத்தது.

அவர் எழுந்தார்.

வளைவில் பஸ் திரும்பும்போது சீட்டை விட்டு எழுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் பள்ளத்தில் விழவில்லை. அது பாட்டுக்குத் திரும்பியது.

அவரும் திரும்பினார்.

இத்தனை முகம்.

"என்ன அண்ணாச்சி, நீங்க எந்திரிச்சு வந்துட்டீங்க! அங்க வண்டியை யாரு பார்க்கா?" என்றார் கருவாட்டுக் கூடைக்காரர்.

பஸ் முழுக்கச் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கம்பி கம்பியாகப் பிடித்துக் கடைசிவரை நடந்தார். பழம் கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மூன்றாம் வரிசையில் ஒரு சின்னப்பெண் நாலு வயசுப் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். ஒரு கை பிள்ளையின் நெற்றியில். இன்னொரு கை அது கீழே விழாமல் வயிற்றில். எந்தக் கையால் பிடிப்பாள்?

பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். தோலை நகத்தால் கீறி, பிள்ளையின் மூக்குக்கு நேரே காட்டினார். பிள்ளை இழுத்து மூச்சு விட்டது. இன்னொரு தடவை. கண் திறந்தது.

"நீங்க சுயம்பு டிரைவர்தானே?" என்றாள் தாய்.

"எப்படிம்மா தெரியும்?"

"குனிஞ்சப்ப தெரிஞ்சுது. கழுத்துக்குப் பின்னால புளியங்கொட்டை மாதிரி ஒரு மச்சம். கீழ காலேஜுக்குப் போன மூணு வருஷமும் உங்க பின்னால கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். அந்த மச்சத்தைப் பார்த்துக்கிட்டே வருவேன். முகத்தை இன்னைக்குத்தான் பார்க்கேன்."

கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "மீசை இருக்கும்னு நினைக்கவே இல்லை."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"உன் பேரென்னம்மா?"

"முப்பிடாதி."

"எங்க போற?"

"மேல அம்மா வீட்டுக்கு. தினமும் சுவர்ல பார்க்கேன். எதிர்ல நிக்க மாதிரியே இருக்கும். ஆனா இவளைத் தூக்கணும்னு அம்மா கையை நீட்டும். நீட்டிட்டு அப்படியே வச்சிருக்கும். அதான் கிளம்பிட்டேன்."

பிள்ளை எலுமிச்சம்பழத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

அவர் தன் சீட்டுக்குப் போகவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டார். பதினாலாம் வளைவு எப்போது போனது என்று அவருக்குத் தெரியாது.

உச்சியில் கனி அதே ஸ்டூலில். அதே முதுகு, அதே பென்சில்.

"யார் வந்தாங்க அண்ணாச்சி?"

"முப்பிடாதி. அவ பிள்ளை செம்பருத்தி, முன்பல்லு ரெண்டும் சொத்தை. கருவாட்டுக் கூடை அந்தோணிமுத்து. மனுசனுக்கு ஒரு கண்ணுதான் தெரியும், எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. இருமுறவர் பள்ளிக்கூட வாத்தியார், ஓய்வாயிட்டார், வீட்ல பேச ஆளில்லாம தினமும் ஏறி இறங்குதார். அப்புறம் அந்த ரெண்டு பொம்பளைங்க..."

நிறுத்தினார்.

கனியின் கழுத்தைப் பார்த்தார். நாலு நாளாகப் பார்த்த கழுத்துதான். இடது பக்கம் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடினாலும் தெரியும்.

மெதுவாகத் தன் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் மச்சத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு காகிதத்தை எடுத்தார். அவள் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். முட்டியில் வைத்து, உட்காருகிறேன் என்று ஒரு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"ஸ்பேனர் இருக்கா தாயி?"

"எதுக்கு?"

"அந்தச் சீட்டு நாலு போல்ட்டுல நிக்கி. ரோட்டைப் பார்த்து நிக்கி. திருப்பி வைக்கணும்."

கனி ஸ்டூலோடு திரும்பினாள். இப்போது குழந்தையின் முதுகு தெரிந்தது. அவள் மடியில் ரெண்டு ஸ்பேனர் இருந்தன.

"பதினேழாம் நம்பரா, பத்தொன்பதா?"