வயிற்றைத் திரும்பிப் பார்த்த குதிரைகள்

“அந்தி சாய்ஞ்சாப் போதும்டி, லாயத்துக் குதிரையெல்லாம் தலையைத் திருப்பித் தன் வயித்தையே பாத்துக்கிட்டு நிக்குதாம்.”

“எந்தக் குதிரைடி? ஒண்ணே ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம்தான் கடலுக்குப் போயிடுச்சே?”

“அதைத்தான்டி நானும் சொல்றேன்.”

மீன் கூடைக்காரிகள் இருவர் இப்படிப் பேசிக்கொண்டு போனது, எதிரே வந்த சேந்தன் காதில் விழுந்தது. பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். இது பாய்மரக் கப்பல்கள் குதிரை கொண்டுவந்து இறக்கிய காலத்துக் கதை. மணற்குடித்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. அதை ஆண்டவர் கோதைவேள் என்னும் அரசர். சேந்தன் அவருடைய குதிரை வைத்தியர்.

அந்தப் பட்டினத்தில் குதிரை செத்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘கடலுக்குப் போய்விட்டது’ என்பார்கள். குதிரைக்கு நோய் என்றும் சொல்லக் கூடாது. அரசரின் குதிரைக்கு நோய் என்றால் அரசுக்கே நோய் என்று ஆகிவிடுமாம். அரசரின் பாட்டனார் போட்ட சட்டம் அது. மீறிச் சொன்னவரைத் துடுப்பில்லாத தோணியில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடுவார்கள். அதனால் குதிரை காலை உதைத்தாலும், வியர்த்து நடுங்கினாலும், விழுந்து புரண்டாலும், எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “ஓய்வெடுக்கிறது.”

அவை ஏன் புரண்டன? அன்பு மிகுந்துபோனதால்தான். புல் மாட்டுக்கு உரியது, அரசரின் குதிரைக்குப் போய் அதைப் போடலாமா என்று அங்கே நினைத்தார்கள். நெய்விட்டுப் பிசைந்த சோறு, வேகவைத்த இறைச்சி, வெல்ல உருண்டை. அரசரே தம் கையால் ஊட்டுவார். குதிரைகள் முதலில் திகைக்கும்; பிறகு தின்னும்; பிறகு கடலுக்குப் போகும். ஆண்டுதோறும் புதுக் கப்பல் வரும். போன ஆண்டு விற்ற குதிரைகள் எங்கே என்று வணிகர்களும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

சேந்தன் ஏடு படித்தவர். குதிரையின் வயிறு புல்லுக்கென்றே அமைந்தது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நல்ல வீடு இருந்தது, நல்ல ஆடை இருந்தது, அவையில் நல்ல இடமும் இருந்தது. அரசர் கேட்கும்போதெல்லாம், “ஓய்வெடுக்கிறது, அரசே” என்று மெல்லச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அந்த ஆண்டு புயலடித்துக் கப்பல் வரவில்லை. லாயத்தில் மிஞ்சியது நுரை என்ற வெள்ளைப் பெட்டைக் குதிரை மட்டும்தான். அரசருக்குப் பிள்ளை இல்லை. நுரைதான் பிள்ளை.

கூடைக்காரிகளின் பேச்சைக் கேட்ட அன்று அந்தியில் சேந்தன் லாயத்துக்குப் போனார். நுரை தன் கொட்டிலில் நின்று சோறு தின்றுகொண்டிருந்தது. மற்றக் கொட்டில்கள் காலியாகக் கிடந்தன. ஆனால் அந்தக் காலிக் கொட்டில்களிலிருந்து மூச்சுவிடும் சத்தம் வந்தது. பெரிய நாசிகளின் ஈர மூச்சு. ‘கடற்காற்று’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு அவர் வேகமாக வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் அந்தியில் அவற்றைக் கண்ணாலேயே பார்த்தார். பழுப்பு, கறுப்பு, செம்மை என்று வரிசையாக நின்றன. உடம்பிலிருந்து நீர் சொட்டியது, தரை நனையவில்லை. ஒவ்வொன்றும் கழுத்தை வளைத்துத் தன் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றுவலி வந்த குதிரை அப்படித்தான் பார்க்கும். வலிக்கிற இடத்தைக் காட்ட அதற்கு வேறு வழி இல்லை. ஒன்றுகூடச் சேந்தனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் போகவே கூடாது என்றிருந்தார். கால் கேட்கவில்லை. முதல் கொட்டிலில் பழுப்புக் குதிரை நின்றது. தொழில் பழக்கத்தில், தாம் என்ன செய்கிறோம் என்று நினைக்குமுன்பே, அதன் விலாவில் காதை வைத்தார். ஈர மணலைப் போல ஜில்லென்று இருந்தது. உயிருள்ள குதிரையின் வயிற்றுக்குள் எந்நேரமும் இரைச்சல் இருக்கும். தூரத்து இடியைப் போல உருண்டுகொண்டே இருக்கும். இந்த வயிற்றுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்டது.

“ஓய்வெடுக்கிறது, அரசே.”

அது சேந்தனின் குரல்.

கறுப்புக் குதிரையின் விலாவில் காதை வைத்தார். அதே குரல். செங்குதிரையிடம் போனார். அதே குரல்; அதே பணிவு.

கடைசிக் கொட்டிலில் நுரை தின்பதை நிறுத்தியது. மெல்லக் கழுத்தை வளைத்துத் தன் விலாவைப் பார்த்தது.

விடிந்ததும் அரசர் நெய்ச்சோற்றுத் தட்டோடு வந்தார். அமைச்சர் காரியும் கூடவே வந்தார்.

“வைத்தியரே, என் கண்மணி ஏன் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறாள்?”

சேந்தன் வாயைத் திறக்குமுன் காரி முந்திக்கொண்டார். “ஓய்வெடுக்கிறாள், அரசே.”

நுரை முன்காலால் தரையைக் கீறியது.

“எதற்கு இப்படிக் கீறுகிறாள்?”

“விளையாடுகிறாள், அரசே. சின்னக் குழந்தைதானே” என்றார் காரி.

நுரை தடாலென்று விழுந்து புரண்டது. தட்டு அரசரின் கையிலிருந்து நழுவிற்று. “வைத்தியரே! நான் உம்மையல்லவா கேட்கிறேன்?”

சேந்தன் துடுப்பில்லாத தோணியை நினைத்தார். கரை மறைந்த கடலை நினைத்தார். முதுகுக்குப் பின்னால், பட்டப்பகலில், காலிக் கொட்டில்கள் மூச்சுவிட்டன.

“அரசே, இங்கே உங்கள் காதை வையுங்கள்.”

அரசர் மண்டியிட்டு நுரையின் விலாவில் காதை வைத்தார். “ஒன்றுமே கேட்கவில்லையே. அமைதியாகத்தானே இருக்கிறது?”

“அமைதியாக இருக்கவே கூடாது, அரசே. நல்ல வயிறு பேசிக்கொண்டே இருக்கும். நம் எல்லாரையும் போல இதுவும் வாயை மூடிக்கொண்டது. நுரைக்கு நோய். நீங்கள் ஊட்டிய சோற்றால் வந்த நோய். மற்றக் குதிரைகளையும் இதுதான் கொன்றது.”

காரி லாயக்காரர்கள் பக்கம் திரும்பினார். “தோணியைக் கொண்டுவாருங்கள்!”

“தோணி எங்கேயும் ஓடிப்போகாது” என்றார் சேந்தன். அவர் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. “முதலில் இவளை எழுப்புங்கள். பிடியப்பா கயிற்றை! படுக்க விடாதே, நடத்து!”

நுரையைக் கடற்கரைக்கு நடத்திப் போனார்கள். இஞ்சியும் ஓமமும் உப்பும் போட்டுக் காய்ச்சிய நீரை வெதுவெதுப்பாகப் புகட்டினார்கள். அது படுக்கப் பார்த்தது, தள்ளினார்கள். மறுபடி படுக்கப் பார்த்தது, மறுபடி தள்ளினார்கள். அரசரே தலைப்பாகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னாலிருந்து தோள் கொடுத்தார். வெயில் ஏறியது, தகித்தது, தணிந்தது. நனைந்த மணலில் நுரையின் குளம்படிகளுக்குப் பக்கத்தில் வேறு பல குளம்படிகளும் பதிந்துகொண்டே வந்தன. எல்லாரும் பார்த்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் நுரை நின்றது. வாலைத் தூக்கியது. லத்தி போட்டது.

லாயக்காரர்கள் தேர் நிலைக்கு வந்ததைப் போலக் கூவினார்கள். “முத்துக் குவியலைப் பார்த்துக்கூட நான் இப்படி மகிழ்ந்ததில்லையப்பா” என்று அரசர் தேம்பினார். நுரையின் விலாவில் காதை வைத்தார். உள்ளே தூரத்து இடி உருண்டது.

கரையில் தோணி காத்திருந்தது. காரி தொண்டையைச் செருமினார். “மகிழ்ச்சிதான், அரசே. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. வைத்தியர் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.”

“என்ன சொன்னார்?”

“எல்லாரும்தான் கேட்டோமே.”

“என் காது குதிரையின் வயிற்றில் இருந்தது. நீர் சொல்லும்.”

“நுரைக்கு நோய் என்றார்.”

“அப்படியானால் நீரும் ஏறும், காரி.”

காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அரசர் சிரிக்கவில்லை.

“நானும் ஏறுகிறேன்” என்றார். “என் குதிரைக்கு நோய். செத்துப்போன என் குதிரைகளுக்கெல்லாம் நோய். சோறு ஊட்டிய இந்தக் கைக்கும் நோய். தோணியில் இடம் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.”

தோணியைத் தள்ள ஒரு கையும் நீளவில்லை. பாட்டனார் போட்ட சட்டம் அந்த மணலிலேயே முடிந்தது. அன்றே ஆட்கள் அரிவாளோடு புல் அறுக்கப் போனார்கள்.

பெரியவர்களே, பிள்ளைகளே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஓர் உயிர் வலியால் துடிப்பதைக் கண்டும் இதமான பொய்யைச் சொல்லிவிட்டு நகர்கிறவர், அந்த உயிரைக் கொன்றவர்களில் ஒருவர் ஆகிறார்.

கரையில் கூட்டம் கலைந்தது. சேந்தன் மட்டும் தனியாக லாயத்துக்குத் திரும்பினார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவை வரிசையாக நின்றன. அவர் முதல் கொட்டிலுக்குள் போய், பழுப்புக் குதிரையின் ஈரக் கழுத்தில் கையை வைத்து, வாய்விட்டுக் கேட்டார்.

“எங்கேயம்மா வலிக்கிறது?”

குதிரை தன் விலாவிலிருந்து தலையை எடுத்து அவரைப் பார்த்தது. அவர் அதன் வயிற்றை மெல்லத் தடவிக்கொடுத்தார். பிறகு அடுத்த கொட்டிலுக்குள் போனார்.