டில்ஃபர் கவுண்டியில் விடைபெறுவது

அமெரிக்க வரைபடத்தின் நடுவில் விரலை வைத்தால், விரலுக்கு அடியில் முழுசாக மறைந்துபோகிற இடம் டில்ஃபர் கவுண்டி. கவுண்டி என்றால் நம் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று மங்கையர்க்கரசி விருதுநகருக்கு ஃபோன் செய்தபோது, கவுண்டியா, அப்படியானால் கோயம்புத்தூர்க்காரர்கள் நிறைய இருப்பார்களே என்று அவள் அம்மா சந்தோஷப்பட்டாள். கோயம்புத்தூர்க்காரர்கள் இல்லை. எந்த ஊர்க்காரர்களுமே அதிகம் இல்லை. மாடுகள் இருந்தன.

மொத்தக் கவுண்டிக்கும் அவள் ஒருத்திதான் டாக்டர். பெயர் வாயில் நுழையாமல் 'டாக்டர் மேங்கோ' ஆக்கிவிட்டார்கள். டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருஷம் வேலை செய்தால் விசாத் தொல்லை தீரும் என்று வந்தவள், மூன்று முடிந்தும் கிளம்பவில்லை. ஒன்பதாகிவிட்டது. கணவரும் மகளும் ஹூஸ்டனில். மாசம் ஒருமுறை விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிற குடும்பம்.

இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். மங்கை வேலையை விட்டாயிற்று. அவள் இடத்துக்கு மணிலாவிலிருந்து ஒரு டாக்டர் பெண் திங்கட்கிழமை வருவதாகவும் முடிவாகிவிட்டது. காரில் பெட்டிகள் ஏற்றியாயிற்று. இட்லிப் பாத்திரம்கூட முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அவளால்தான் உட்கார முடியவில்லை. காரணம் ஒரே ஒரு வாக்கியம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், ரிசப்ஷனில் இருந்த டோரிஸிடம், வீட்டில் சொல்லிப் பழகியதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். "ஐ வில் கோ அண்ட் கம்."

ஏதோ மறந்துவிட்டாள் போலிருக்கிறது, எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள் என்று டோரிஸ் விளக்கைக்கூட அணைக்காமல் காத்திருந்திருக்கிறாள். வெகு நேரம். மறுநாள் காலையில் மங்கை உள்ளே நுழைந்ததும், ஒருவழியாக வந்து சேர்ந்தீர்களே என்றாளாம்.

அது ஊர்ச் சிரிப்பாயிற்று. பெட்ரோல் பங்க்கில், சர்ச்சில், பள்ளிக்கூட வாசலில், கோ அண்ட் கம் டாக்டர். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. அவளுக்கு முன்னால் இருந்த டாக்டர்கள் எல்லோரும் ஒழுங்கான இங்கிலீஷில் பை சொல்லிவிட்டுப் போய் ஒழிந்தவர்கள். இவள் தினமும் வருவேன் என்று சொல்கிறாள், தினமும் வந்து நிற்கிறாள். வார்டில் படுத்திருப்பவர்கள் அந்த வாக்கியத்தைக் கேட்காமல் அவளை வாசல் தாண்ட விடமாட்டார்கள். டாக்டர் சொல்லிவிட்டாள், ராத்திரி எனக்கு ஒன்றும் ஆகாது என்று நெஞ்சுவலிக்காரர் ஒருவர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்த ஆட்களிடம் இப்போது எதைச் சொல்வது? போய்ட்டு வாரேன் என்றால் பொய். போறேன் என்றால் நாக்கு எழும்பவில்லை. விருதுநகரில் வாசற்படியில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னால் முதுகில் ஒன்று விழும். பிரிவுக் கேக் வெட்ட இரண்டு தரம் தேதி வைத்தார்கள். இரண்டு தரமும் இவளே தள்ளிப்போட்டாள். குழந்தை உனக்காகத் தள்ளிப்போட்டுக்கொள்ளாதும்மா என்று மகள் ஃபோனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மங்கை தன் குருவைப் பார்க்கப் போனாள்.

குரு என்று சொன்னால் அந்த அம்மாளுக்கே பிடிக்காது. பெயர் இங்க்ரிட். டில்ஃபரில் பிறந்து, வாலிபத்தில் எதையோ தேடித் திருவண்ணாமலைக்குப் போய், தலை நரைக்கிற வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பியவள். அப்பா விட்டுப்போன பண்ணையில் தனியாக இருக்கிறாள். உபதேசம் கிடையாது, காவி கிடையாது. முழங்கால் வலி என்று கிளினிக்குக்கு வந்தவள், மங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா டாக்டரம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டாள். அந்த அறையிலேயே மங்கை அழுதுவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் போய் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கம்.

இங்க்ரிட் கொட்டகையில் டிராக்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். மங்கை எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில் கேட்டாள்.

"நான் என்ன சொல்லிட்டுக் கிளம்புறதும்மா?"

இங்க்ரிட் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தக் கவுண்டியப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? சொல்லு."

கேட்டதற்குப் பதில் இது இல்லையே என்று மங்கைக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் கான்வென்டில் எழுந்து நின்று ஒப்பித்த பழக்கம். நிலத்திலிருந்து ஆரம்பித்தாள். மகா தட்டை. தோசைக்கல்லில்கூட நடுவில் ஒரு குழிவு இருக்கும், இதில் அதுவும் கிடையாது. ஒரே ஆறு. அதுவும் ஓரிடத்தில் கிடக்காமல், வெள்ளம் வரும்போதெல்லாம் படுக்கையை மாற்றிக்கொள்ளும். அப்புறம் சரித்திரம். ஆதியில் இருந்தவர்களைப் பட்டாளம் வந்து விரட்டியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் கோடையில் ஆற்றங்கரைக்கு வந்து கூடி ஆடுகிறார்கள். பிறகு நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். ரயில் வந்தது. ஊருக்குள் வராமல் தள்ளிப் போனதால், ஊரே வீடுகளை உருளை மேல் ஏற்றித் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் ரயில் நின்றுபோயிற்று. ஊர் மட்டும் அங்கேயே இருக்கிறது.

"ஜனம்?"

"கணக்கெடுக்கிறப்ப எல்லாம் குறையுது. படிப்பு முடிஞ்ச கையோட பிள்ளைக கிளம்பிருதுக. நானும் போனா இன்னும் ஒண்ணு குறையும்."

"மணிலாப் பொண்ணு வர்றாளே. அவள எண்ணிக்க மாட்டாங்களா?"

மங்கை டிராக்டர் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினாள்.

"எங்க பாட்டன் நார்வேலர்ந்து கிளம்பச்சொல்லோ அவங்கம்மா கைல இன்னா சொல்லிக்கினு வந்தாரு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாது. வண்டில ஏறு."

அந்தப் பழைய பிக்கப் வண்டியில் பேசினால் காதில் விழாது. இரண்டு பக்கமும் சோளம், ஒரு பாழடைந்த கொட்டகை, மறுபடியும் சோளம். சாலை அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போயிற்று. கவுண்டி முடிகிற இடத்தில் இங்க்ரிட் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அங்கே முடிகிறது என்று தெரிவது பலகையால்தான். இந்தப் பக்கத்துச் சோளத்துக்கும் அந்தப் பக்கத்துச் சோளத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"இறங்கிப் போய்ப் படி."

மங்கை இறங்கினாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லையைத் தாண்டி நடந்து, திரும்பி நின்று படித்தாள். பச்சைப் பலகை. டில்ஃபர் கவுண்டி, நல்வரவு. அடியில் ஜனத்தொகை. அது பழைய எண், யாரும் மாற்றவில்லை. வேட்டைக்காரன் எவனோ சுட்டதில் நடுவில் ஒரு ஓட்டை வேறு.

"ரோட்டுக்கு அந்தாண்ட?"

சாலையைக் கடந்து போய்ப் பார்த்தாள். எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு ஒரு பலகை. ஓர்ம் கவுண்டி, நல்வரவு.

"சரி. போறவங்களுக்கான போர்டு எங்க கீது?"

மங்கை தேடினாள். டில்ஃபர் பலகையின் பின்பக்கம் வெறும் தகரம், ஒரு குளவிக்கூடு. ஓர்ம் பலகையின் பின்பக்கம் அதுவும் இல்லை. சாலையின் இரண்டு ஓரத்திலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் பார்த்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்லியேம்மா."

இங்க்ரிட் ஜன்னலில் முழங்கையை ஊன்றியபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மங்கையின் கைப்பையில் ஃபோன் அடித்தது. டில்ஃபருக்குள் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. எல்லைக்கு வந்தால்தான் அதற்கு உயிர் வரும். மகள்தான். காலையிலிருந்து கூப்பிடுகிறேன், எங்கே போய்த் தொலைந்தாய் என்று ஆரம்பித்தவள், இந்த வாரமே பிரசவம் ஆகலாம் என்கிறார் டாக்டர், அப்பா பயத்தில் பாதி ஆளாகிவிட்டார், அவருக்கு வேறு நான் காபி போட வேண்டியிருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அப்புறம் சட்டென்று குரல் இறங்கிவிட்டது.

"அம்மா, வர்றியா இல்லியா?"

"வாரேன்டா."

சொல்லிவிட்டு மங்கை ஃபோனைப் பிடித்தபடி நின்றாள். காற்றில் சோளத் தாள்கள் சரசரத்தன. அவளுடைய ஒரு கால் டில்ஃபரிலும் ஒரு கால் ஓர்மிலும் இருந்தது. அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி வா என்று சொல்லி வைத்தாள்.

இங்க்ரிட் வண்டியைக் கிளப்பினாள். சத்தத்துக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

"டாக்டரம்மா, இப்ப நீ சொன்னது போறேன்னா, வரேன்னா?"

மங்கை கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். வண்டியில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, விடைபெற்றுக்கொள்ள டோரிஸ் வீட்டுப் பக்கம் விடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.